வேகாத பருப்பும் வெந்த பருப்பும்: மக்கள் பயறுகளை ஏற்பதும் விலக்குவதும்

உணவுப் பொருள்களுள் பயறுகளுக்குக் கிடைக்கும் பாராட்டுக்கும் அவை உண்ணப்படும் அளவுக்கும் இடையில் உலகெங்கும் பெரிய இடைவெளி இருக்கிறது. அவரையினச் செடிகொடிகளின் முற்றிக் காய்ந்த விதைகளே பயறுகள். அவற்றின் தோலை நீக்கி இரண்டாக உடைத்தால் கிடைப்பது பருப்பு. எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை புரதம் கொண்ட இவ்விதைகளில், அரிசியிலும் கோதுமையிலும் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. பயறுகளில் குறைவுபடும் மெத்தியோனினோ தானியங்களில் போதிய அளவு உண்டு. ஆகவே சோற்றோடு பருப்பைச் சேர்த்து உண்பவருக்கு ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. செடியின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்ற சத்தாக மாற்றித் தருவதால், இப்பயிர்களுக்கு உரச்செலவும் குறைவு. அடுத்துப் பயிரிடப்படும் தானியத்துக்கும் அதனால் பயன் உண்டு. இக்காரணங்களை முன்னிட்டு ஐக்கிய நாடுகள் அவை 2016ஆம் ஆண்டைப் பன்னாட்டுப் பயறு ஆண்டாக அறிவித்தது. 2019 முதல் ஒவ்வொரு பிப்ரவரி 10ஆம் நாளும் உலகப் பயறு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

ஆனால் உண்ணும் அளவு இப்பாராட்டைப் பின்பற்றி உயரவில்லை. உலகில் பயறுகளை மிகுதியாக விளைவிப்பதும், மிகுதியாக உண்பதும், மிகுதியாக இறக்குமதி செய்வதும் இந்தியாவே. அந்நாட்டிலேயே ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிடைக்கும் பயறின் அளவு 1961இல் 69 கிராமாக இருந்து 2001இல் 30 கிராமாகச் சரிந்தது, பின்னர் ஓரளவே மீண்டது. சோறும் பீன்ஸும் நாட்டின் அடையாளமாகவே கருதப்படும் பிரேசிலில், வீட்டுச் சமையலுக்காக ஆண்டுதோறும் தலைக்கு வாங்கப்பட்ட பீன்ஸின் அளவு 2002-03இல் சுமார் 12.4 கிலோவாக இருந்து 2017-18இல் 5.9 கிலோவாகக் குறைந்ததை அந்நாட்டுக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. பயறின் சத்தை மக்களுக்கு எடுத்துரைத்தால் நுகர்வு உயர்ந்துவிடும் என்ற எண்ணமே பெரும்பாலான பிரசாரங்களுக்கு அடிப்படையாக இருக்கிறது. பருப்போடு தலைமுறை தலைமுறையாகப் பழகிய இவ்விரு நாடுகளிலுமே நுகர்வு சரிந்திருப்பதால், அறியாமை என்ற விளக்கம் இங்கே பொருந்தவில்லை.

பயறு விளைந்த நிலையிலேயே உணவாகிவிடுவதில்லை என்பதிலிருந்து தொடங்கினால் வேறொரு விளக்கம் கிடைக்கிறது. மாம்பழத்தைப் பறித்த கையோடு தின்னலாம். முட்டையைச் சில நிமிடங்களில் வேகவைத்துவிடலாம். காய்ந்த பயறோ தன் முளையைக் காத்துக்கொள்ளக் கடினமான தோலையும், செரிமானத்தைத் தடுக்கும் புரதங்களையும், சில இனங்களில் நஞ்சையும் கொண்டிருக்கிறது. ஊறவைத்தல், முளைகட்டுதல், தோல் நீக்குதல், உடைத்தல், புளிக்கவைத்தல், நெடுநேரம் வேகவைத்தல் என அதை உணவாக்கும் உழைப்பு நீளமானது. இவ்வுழைப்பைச் சமுதாயம் எங்கே தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டதோ அங்கே பயறு அன்றாட உணவாயிற்று. எங்கே அது தனி ஒரு வீட்டின் அடுப்படியில், பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில், விடப்பட்டதோ அங்கே அது விலக்கப்பட்டது, அல்லது ஏழையின் வேறு வழியற்ற உணவாக எஞ்சியது. வயிறு, நஞ்சு, அடுப்பு, தகுதி, சந்தை ஆகிய ஐந்து நிலைகளில் இக்கருத்தைச் சோதித்துப் பார்க்கலாம்.

வயிற்றின் வழக்கு

பயறுகளைத் தவிர்ப்பவர்கள் முதலில் சொல்லும் காரணம் வாயு. சித்த மருத்துவ மரபு உடலின் இயக்கத்தை வளி, அழல், ஐயம் என்னும் மூன்றின் சமநிலையாக விளக்குகிறது; மொச்சை, கடலை போன்றவை வளியைக் கூட்டும், மந்தம் தரும் என்றும், பாசிப்பருப்பு எளிதில் செரிக்கும் என்றும் அம்மரபைப் பின்பற்றும் வீடுகளில் கருதப்படுகிறது. காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்குப் பாசிப்பருப்புக் கஞ்சி தருவதும், மூட்டுவலிக்காரருக்கு மொச்சையை மறுப்பதும் இந்தப் பாகுபாட்டின் வழி வந்த பத்தியங்களே.

உயிர்வேதியியல் இவ்வனுபவத்தின் ஒரு பகுதியை விளக்குகிறது. ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ், வெர்பாஸ்கோஸ் எனப்படும் சர்க்கரைகள் பயறுகளில் உள்ளன. இவற்றைப் பிளக்கத் தேவையான ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ் என்னும் நொதி மனிதரின் சிறுகுடலில் சுரப்பதில்லை. செரிக்காமல் பெருங்குடலை அடையும் அச்சர்க்கரைகளை அங்குள்ள நுண்ணுயிரிகள் நொதிக்கச் செய்யும்போது ஹைட்ரஜனும் கரியமில வாயுவும், சிலரிடம் மீத்தேனும் உண்டாகின்றன. பயறை இரவில் ஊறவைத்து, மறுநாள் அந்நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவைப்பதும், முளைகட்டுவதும், மாவாக்கிப் புளிக்கவைப்பதும் இச்சர்க்கரைகளைக் குறைக்கின்றன.

வாயுவைப் பற்றிய அச்சம் வாயுவைவிடப் பெரிது என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் டோனா வின்ஹாம், ஆண்ட்ரியா ஹட்சின்ஸ் ஆகியோர் 2011இல் வெளியிட்ட கட்டுரை, அன்றாடம் அரைக் கோப்பை பீன்ஸ் உண்டவர்களிடம் நடத்தப்பட்ட மூன்று உணவூட்டல் ஆய்வுகளின் முடிவைத் தொகுத்தது. பின்டோ பீன்ஸ், பேக்டு பீன்ஸ் ஆகியவற்றை உண்டவர்களுள் முதல் வாரத்தில் வாயு கூடியதாகச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. தட்டைப்பயறு உண்டவர்களுள் அப்படிச் சொன்னவர்கள் 19 விழுக்காட்டினர் மட்டுமே. வாரங்கள் செல்லச் செல்ல இவ்வெண்ணிக்கை மேலும் குறைந்தது. வாயுவை உண்டாக்காத ஒப்பீட்டு உணவை உண்டவர்களிலும் 3 முதல் 11 விழுக்காட்டினர் வாயு கூடியதாகவே சொன்னார்கள். என்றாவது ஒரு நாள் உண்பவருக்கே தொல்லை மிகுதி, நாள்தோறும் உண்பவருக்கு அது பழகிவிடுகிறது என்பது இதன் பொருள். ஆகவே பயறை அரிதாக உண்ணும் வீட்டில் அது மேலும் அரிதாவதும், அடிக்கடி உண்ணும் வீட்டில் அது கேள்வியின்றித் தொடர்வதும் இயல்பாக நிகழ்கின்றன.

நஞ்சும் நினைவும்

வாயு தொல்லை மட்டுமே தரும். சில பயறுகள் உயிருக்கே ஊறு செய்பவை. சிவப்பு ராஜ்மாவில் உள்ள ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்னும் புரதம் குடலின் உட்சுவரைத் தாக்குவதால், நான்கைந்து விதைகளைப் பச்சையாகத் தின்றாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தி தொடங்கக்கூடும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, நீரை வடித்து, புது நீரில் குறைந்தது பத்து நிமிடங்கள் தளதளவெனக் கொதிக்கவைத்தால் அப்புரதம் அழிந்துவிடும்; கொதிநிலையை எட்டாத இளஞ்சூட்டில் நெடுநேரம் வைத்தாலோ நஞ்சின் வீரியம் கூடிவிடுவதும் உண்டு. சமையலில் நேரும் ஒரு சிறு பிழை உணவையே நஞ்சாக்கும் என்னும்போது, அச்சமையலை வழிவழியாகக் கற்காத சமுதாயம் அவ்விதையை ஏற்கத் தயங்குவதில் வியப்பில்லை.

மத்தியதரைக் கடல் நாடுகளின் ஃபாவா அவரை இதைவிடச் சிக்கலானது. அதிலுள்ள வைசின், கான்வைசின் என்னும் பொருள்கள், குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, மஞ்சள் காமாலையையும் கடும் இரத்தசோகையையும் உண்டாக்குகின்றன. உலகில் சுமார் 40 கோடிப் பேருக்கு இந்நொதிக் குறைபாடு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பளிப்பதால், அந்நோய் மிகுந்திருந்த நிலப்பகுதிகளிலேயே இக்குறைபாடும் மிகுந்து காணப்படுகிறது. கிரேக்க மெய்யியலாளர் பித்தாகரஸ் தம் மாணாக்கருக்கு இவ்வவரையை விலக்கினார் என்ற மரபுச் செய்தியை இந்நோயோடு சிலர் இணைப்பதுண்டு. பழைய நூல்கள் அவ்விலக்குக்குத் தரும் காரணங்களோ இறந்தோர் உலகம், மறுபிறப்பு, தேர்தல் வாக்கு என ஒன்றோடொன்று பொருந்தாதவை. நோயின் பெயரால் விலக்கியதாக அவை சொல்லவில்லை. எகிப்தியப் பூசாரிகள் அவரையைக் கண்ணால் காணவும் பொறுக்கமாட்டார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதினார். அதே எகிப்தில் இன்று ஏழையும் செல்வரும் காலையில் உண்பது, ஃபாவாவை இரவெல்லாம் இளந்தீயில் குழைத்துச் செய்யும் ஃபூல் மெடாமெஸ். மக்கள் உடலின் வேதியியலை வைத்து மட்டும் அவ்வவரையை ஏற்பதா விலக்குவதா என்று முடிவு செய்திருந்தால் இம்மாற்றம் நேர்ந்திருக்காது. இரவு முழுவதும் கனலும் அடுப்பை ஊர்ப் பொதுவில் கடைக்காரர் காத்துவந்ததால், வீட்டார் விடியலில் பாத்திரத்தோடு சென்று வாங்கிவர முடிந்தது.

இந்திய வரலாற்றில் நஞ்சும் வறுமையும் கைகோத்த கதை கேசரிப் பருப்பினுடையது. மழை பொய்த்தாலும், வயலில் நீர் தேங்கினாலும் தாங்கி வளரும் இப்பயிர், மற்றப் பயிர்கள் கருகிய ஆண்டில் கைகொடுக்கும்; ஆனால் மாதக்கணக்கில் அதையே முதன்மை உணவாகக் கொள்பவரின் நரம்பு மண்டலத்தை அதிலுள்ள ஓ.டி.ஏ.பி. என்னும் அமினோ அமிலம் தாக்குவதால், கால்கள் விறைத்து மீளாத முடக்கம் ஏற்படுகிறது. இந்நோய்க்கு லத்திரிசம் என்று பெயர். மத்தியப் பிரதேசத்தின் ரேவா பகுதியில் பண்ணையடிமைகளுக்குக் கூலியாகவே கேசரிப் பருப்பு அளக்கப்பட்டதால், ஒரே பயறை உண்ட நிலவுடைமையாளர் நடமாட, உழைத்தவர் முடங்கினார். நிலவுடைமையாளரின் உணவில் கோதுமையும் பாலும் கலந்திருந்தன, உழைப்பாளிக்கு வேறெதுவும் வாய்க்கவில்லை. 1961இல் இந்திய அரசு இதன் விற்பனைக்குத் தடை விதிக்க வழிசெய்த பின்னரும் சில மாநிலங்களில் சாகுபடி தொடர்ந்தது. துவரம் பருப்பிலும் கடலை மாவிலும் கேசரி கலக்கப்படும் என்ற அச்சம், தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடங்கள் வரை இடம்பெற்று, மலிவான அயல் பருப்பு எதைக் கண்டாலும் ஐயுறும் மனநிலையை வளர்த்தது.

அடுப்படியின் கணக்கு

பயறை உணவாக்கும் உழைப்பின் நீளத்தைத் துவரையைக் கொண்டு எளிதில் அளக்கலாம். துவரையின் தோலுக்கும் பருப்புக்கும் இடையில் பசைப்பொருள் அடுக்கு ஒன்று இறுகப் பற்றியிருப்பதால், அதை வெறுமனே திருகையில் இட்டு உடைத்தால் பருப்பு நொறுங்கிக் குருணையாகுமே தவிரத் தோல் கழலாது. ஆகவே தமிழ்நாட்டுக் கிராமங்களில் துவரையை நீரில் ஊறவைத்து, வடித்து, செம்மண் குழம்பில் புரட்டிக் குவித்து, ஓர் இரவு மூடிவைத்து, பின்னர் நாள்கணக்கில் வெயிலில் உலர்த்துவார்கள். ஊறும்போது விதை உப்பி, உலரும்போது உள்ளே பருப்பு சுருங்கித் தோலிலிருந்து விலகும். அதன் பின் மண்ணைச் சலித்து, திருகையில் உடைத்து, முறத்தில் புடைத்துத் தோலையும் குருணையையும் பிரித்தால்தான் செம்மண் கட்டிய பருப்பு பானைக்கு வரும். இப்பணி முழுவதும் பெண்களின் கையால் நடந்தது. விருதுநகர் போன்ற வணிக ஊர்களில் எழுந்த பருப்பு ஆலைகள், தேய்ப்பு உருளைகளையும் எண்ணெய்ப் பூச்சையும் கொண்டு இதே வேலையை இயந்திரத்தில் செய்யத் தொடங்கியதும், மளிகைக் கடையில் வாங்கி அப்படியே உலையில் இடத்தக்க பொருளாகத் துவரம் பருப்பு மாறிற்று. சாம்பார் தமிழரின் அன்றாடக் குழம்பானதற்கு அதன் சுவையளவுக்கு இந்த ஆலைகளும் காரணம்.

ஆலையைத் தாண்டிய பின்னும் நீரும் எரிபொருளும் காத்திருக்கின்றன. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது ஆழ்துளைக் கிணற்றை நம்பிய ஊர்களில் எல்லாரும் அறிந்த செய்தி. கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பயறின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்னும் பொருளோடு இணைந்து அதைக் கரையவிடாமல் இறுக்கிவிடுவதே இதற்குக் காரணம். சமையல் சோடா சேர்த்தால் பயறு விரைவில் குழையும். ஆனால் காரத்தன்மை கூடுவதால் அதிலுள்ள தயமின் என்னும் பி வைட்டமின் அழியும். விளக்கெண்ணெய் ஒரு சொட்டும் மஞ்சள்தூளும் இட்டு வேகவைக்கும் பழக்கமும், நல்ல தண்ணீரைப் பருப்புக்கென்று தனியாக எடுத்துவைக்கும் வழக்கமும் இத்தடையைச் சமாளிக்க வீடுகள் கண்ட வழிகள். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடத்தில் பல மாதம் வைத்த பழைய பயறு எவ்வளவு கொதித்தாலும் கடினமாகவே இருக்கும். விறகு விலைக்கு வாங்க வேண்டிய குடும்பத்துக்கு மலிவான பழைய பயறு உண்மையில் மலிவானதன்று. ருவாண்டா, உகாண்டா போன்ற கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் பீன்ஸ் முதன்மைப் புரத உணவாக இருந்தும், நகரவாசிகள் விறகுக்கும் கரிக்கும் ஆகும் செலவை எண்ணி அதைக் குறைப்பது இதன் நீட்சி.

உழைப்பு குறைந்தால் நுகர்வு எப்படி மாறும் என்பதற்குத் தமிழ்நாட்டின் உளுந்தே தெளிவான சான்று. ஆட்டுக்கல்லில் மணிக்கணக்காகக் கையால் அரைக்க வேண்டியிருந்த காலத்தில், பல கிராமப்புற வீடுகளில் இட்லி தீபாவளிக்கும் விருந்துக்கும் உரிய பண்டமாக இருந்தது. கோயம்புத்தூரில் உருவாகி, அவ்வூர்ப் பெயரிலேயே புவிசார் குறியீடும் பெற்ற கிரைண்டர் அவ்வேலையை மின்சாரத்திடம் ஒப்படைத்தது. 2011இல் தமிழ்நாடு அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையில்லாமல் வழங்கத் தொடங்கியதால் வசதி குறைந்த வீடுகளுக்கும் அது சென்றது. தெருமுனை மாவுக்கடைகள் அரைக்கும் வேலையையும் வீட்டிலிருந்து அகற்றிவிட்டன. இட்லி மாவைப் புளிக்கவைக்கும் லியூகோனோஸ்டாக் முதலிய நுண்ணுயிரிகள் உளுந்தின் செரிக்காத சர்க்கரையைக் குறைப்பதால், வாயுவுக்கு அஞ்சி மொச்சையை ஒதுக்குபவரும் இட்லியை ஒதுக்குவதில்லை. உளுந்து அப்படியேதான் இருக்கிறது. அதை அரைக்கும் கை மட்டும் மாறியது.

உழைப்பை ஏற்க யாரும் இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கான சான்று சோயாவில் கிடைக்கிறது. பயறுகளின் பட்டியலில் எண்ணெய்வித்தான சோயா சேராது எனினும், புரதம் மிகுந்த அவ்விதையின் வரலாறு இங்கே பயன்படும். செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் மிகுந்த அதைச் சீனமும் ஜப்பானும் விதையாக வேகவைத்து உண்பதைவிட டோஃபு, மிசோ, நாட்டோ என உறையவைத்தும் புளிக்கவைத்துமே பெரிதும் உண்டன; அதற்கெனத் தனித் தொழில்களும் தொழிலாளர்களும் அங்கே பல நூற்றாண்டுகளாக இருந்தனர். 1960களின் பிற்பகுதி முதல் மத்தியப் பிரதேசத்தில் சோயா சாகுபடி பரவியபோது, புரதப் பற்றாக்குறையை அது தீர்க்கும் என்று எதிர்பார்க்கப்பட்டது. பருப்பைப் போல அது குழையவில்லை. பச்சை வாடையும் போகவில்லை. அவ்விதையை உணவாக்கும் கைத்தொழில் மரபு இந்தியாவில் இல்லை. ஆகவே எண்ணெய் மட்டும் வீட்டுக்கு வர, புரதம் மிகுந்த புண்ணாக்கு கால்நடைத் தீவனமாயிற்று. ஆலையே சமைத்துத் தந்த உருண்டைகள் மட்டும் மீல் மேக்கர் என்ற பெயரில் குருமாவுக்கும் பிரியாணிக்கும் வந்து சேர்ந்தன.

பிரிட்டனில் இதே நிலை வேறு வடிவில் உள்ளது. அங்கு விளையும் ஃபாவா அவரையின் ஒரு பகுதி எகிப்துக்கு ஏற்றுமதியாகிறது. அந்நாட்டு மக்கள் விரும்பி உண்ணும் பேக்டு பீன்ஸுக்கான விதையோ வட அமெரிக்காவிலிருந்து இறக்குமதியாகிறது. 1886இல் லண்டனின் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடையில் விலையுயர்ந்த அயல்நாட்டுப் பண்டமாக அறிமுகமான ஹைன்ஸ் நிறுவனத்தின் பேக்டு பீன்ஸ் டின், 1928 முதல் லண்டனின் ஹார்ல்ஸ்டன் ஆலையில் தயாராகித் தொழிலாளர் வீடுகளின் அன்றாட உணவானது. ஊறவைத்து வேகவைக்கும் வேலையை ஆலை முடித்துக் கொடுத்ததால் கடல் கடந்த அவரை ஏற்கப்பட்டது; அவ்வேலை முடிக்கப்படாத உள்ளூர் அவரை கப்பலேறியது.

தட்டின் தகுதி

உழைப்புக் கணக்கு ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடாது. பயறுகளுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. பருப்பில்லாத கல்யாணமா என்னும் வழக்கில் வரும் பருப்பு துவரையையோ பாசிப்பயறையோ குறிக்குமே தவிரக் கொள்ளைக் குறிக்காது. ஆனால் தொன்மையில் கொள்ளுக்கு ஈடு சொல்வது கடினம். கர்நாடக, ஆந்திரப் பகுதிகளின் தென்னிந்தியப் புதிய கற்கால வாழிடங்களில் கொள்ளும் பாசிப்பயறும் நாலாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே உண்ணப்பட்டதைக் கருகிய விதைகள் காட்டுகின்றன. மாங்குடி கிழார் பாடிய புறநானூற்று 335ஆம் பாடல் உயர்ந்த உணவுகளாக எண்ணும் நான்கில் வரகு, தினை ஆகியவற்றோடு கொள்ளும் அவரையும் இடம்பெறுகின்றன. நெல் உயர் உணவாகிப் புன்செய்ப் பயிர்கள் தாழ்ந்த பின், குதிரைக்கும் உழவுமாட்டுக்கும் அவித்து வைக்கும் தீவனமே கொள்ளின் முதன்மைப் பயனாயிற்று. விலங்கு தின்பதை மனிதர் தின்பது தாழ்வு என்ற எண்ணம் அதனோடு ஒட்டிக்கொண்டது. கொங்கு நாட்டு வீடுகள் கொள்ளுப் பருப்பையும் கொள்ளு ரசத்தையும் விடாமல் வைத்திருந்தன. ஒன்பது கோள்களுக்குப் படைக்கும் நவதானியத்தில் கேதுவுக்கு உரியதாகவும் அது இருந்தது. சடங்கில் இடமிருந்தும் விருந்தில் இடமில்லாத இம்முரண், ஒரு பயறின் தகுதியை அதன் சத்தோ புனிதமோ மட்டும் உறுதிசெய்வதில்லை என்பதைக் காட்டுகிறது. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியைச் சான்றாகக் காட்டி, உடல் பருமனைக் குறைக்க விரும்பும் நகரவாசிகளிடம் கொள்ளுப் பொடியும் கொள்ளு சூப்பும் இன்று விற்பனையாகின்றன. பொடியாகவும் சூப்பாகவும், அதாவது வேலை முடிந்த வடிவில், அது திரும்பி வந்திருப்பது கவனிக்கத்தக்கது.

மைசூர்ப் பருப்பு எனப்படும் மசூர் இன்னொரு வகைப் பாகுபாட்டைக் காட்டுகிறது. வங்காளத்து இந்து வீடுகளில் அது மீன், இறைச்சி ஆகியவற்றின் இனத்தில் வைக்கப்பட்டு, கைம்பெண்களுக்கு விலக்கப்பட்டிருந்தது. குளிர்காலப் பயிரான அதை இலங்கை விளைவிப்பதில்லை. ஆயினும் இறக்குமதியான மைசூர்ப் பருப்பைத் தேங்காய்ப்பாலில் காய்ச்சிய கறி, தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என எல்லாச் சமூகங்களின் சோற்றுக்கும் பாண் எனப்படும் ரொட்டிக்கும் துணையாக இருக்கிறது. தோல் நீங்கி வரும் மசூர் ஊறவைக்காமலே இருபது நிமிடத்தில் குழைந்துவிடும் என்பது அதன் பெரும் வலிமை. நோன்பு, துக்கம் பற்றிய விலக்குகள் அதைச் சூழாத தீவில் அவ்வலிமை தடையின்றிப் பயன்பட்டது.

அரசும் அங்காடியும்

தகுதியையும் உழைப்பையும் போலவே விலையும் தானாக அமைவதன்று. 1960களின் பசுமைப் புரட்சி நெல்லுக்கும் கோதுமைக்கும் உயர்விளைச்சல் விதை, பாசனம், உரம், உறுதியான அரசுக் கொள்முதல் ஆகியவற்றை அளித்தது. பயறுகள் மானாவாரி நிலத்துக்குத் தள்ளப்பட்டன. குறைந்தபட்ச ஆதரவு விலை பயறுகளுக்கும் அறிவிக்கப்பட்டபோதும், கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடுக்கப்படும் என்ற உறுதி நெல்லுக்கும் கோதுமைக்கும் இருந்த அளவில் அவற்றுக்கு இல்லை. காவிரிப் படுகையில் சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாள் முன்பே நிற்கும் நெற்பயிருக்கிடையில் உளுந்தையும் பயறையும் விதைத்து, எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் விளையவைக்கும் நெல் தரிசுச் சாகுபடி, செலவில்லாத அறிவார்ந்த முறை. அறுவடை இயந்திரத்தின் சக்கரங்கள் அந்த இளம் முளைகளை நசுக்குவது அதற்கு இன்று நேர்ந்துள்ள இடையூறு. 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்துப் பருவமழை குறைந்ததும் 2015 அக்டோபரில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயை நெருங்கியது. இத்தகைய விலையேற்றத்தில் ஏழைக் குடும்பம் சாம்பாரை நீர்க்கவைத்து, பின்னர் புளிக்குழம்புக்கும் ரசத்துக்கும் மாறுகிறது. வயிற்றை நிரப்பும் சோற்றின் அளவு மாறாததால் இவ்விழப்பு வெளியே தெரிவதில்லை.

2013இல் இயற்றப்பட்ட தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி, கோதுமை, சிறுதானியங்கள் ஆகியவற்றை மட்டுமே உரிமையாக்கியது. பருப்பு அதில் இல்லை. தமிழ்நாடோ 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின்வழி ரேஷன் கடைகளில் துவரம் பருப்பையும், சில காலங்களில் அதற்கு மாற்றாகக் கனடா மஞ்சள் பருப்பையும் கிலோ 30 ரூபாய்க்கு வழங்கிவருகிறது. சத்துணவுத் திட்டத்தில் வாரம் ஒரு நாள் கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ குழந்தைகளுக்குக் கிடைக்கிறது. இவ்விரு ஏற்பாடுகளிலும் அரசு விலையை மட்டும் குறைக்கவில்லை. ரேஷன் கடை உடைத்துச் சுத்தம் செய்த பருப்பைத் தருகிறது. பள்ளிச் சமையலறை வேகவைத்த பயறைத் தருகிறது. ஊறவைத்து, அரை மணி அடுப்பெரித்து, காலையில் வேலைக்கும் ஓட வேண்டிய தாயின் சுமையில் ஒரு பங்கை அவை ஏற்றுக்கொள்கின்றன.

வேலையை முடிப்பது யார்

மேற்கண்ட சான்றுகளைத் தொகுத்துப் பார்த்தால், பயறை விலக்குபவர்களின் காரணங்களுள் பெரும்பாலானவை நியாயமானவை என்பது புலப்படும். வாயு உண்மை, நஞ்சு உண்மை, வேகாத பருப்பும் எரிந்து தீர்ந்த விறகும் உண்மை; இவற்றுக்கெல்லாம் தீர்வு தெரிந்த சமுதாயங்களிலும் தீர்வுக்கான உழைப்பை யாரோ ஒருவர் நாள்தோறும் செய்தாக வேண்டியிருக்கிறது. தகுதி பற்றிய எண்ணங்கள் அவ்வுழைப்பின் அளவைச் சார்ந்தே பெரிதும் இறுகவும் தளரவும் செய்கின்றன என்பதைக் கொள்ளின் வீழ்ச்சியும் மீட்சியும் காட்டுகின்றன. வங்காளத்து மசூர் போல, உழைப்போடு தொடர்பில்லாத விலக்குகள் எஞ்சவே செய்கின்றன.

பிரேசிலின் சரிவும் இவ்வொளியில் தெளிவாகிறது. அங்கே பீன்ஸை யாரும் இழிவாகக் கருதவில்லை. பிரஷர் குக்கரும் வீடுதோறும் உண்டு. ஆயினும் பெண்களும் ஆண்களும் நகரத்தில் நாள் முழுதும் வெளியே உழைக்கும் காலத்தில், ஊறவைக்க முந்தைய இரவே நினைக்க வேண்டிய உணவு, எந்த நேரத்திலும் பிரித்து உண்ணத்தக்க ஆலைப் பண்டங்களோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. இந்தியாவில் உடனடி நூடுல்ஸும் பிஸ்கட்டும் அதே போட்டியைத் தொடங்கிவிட்டன. அவற்றின் வேலை ஆலையிலேயே முழுதாக முடிந்துவிடுகிறது, பயறின் வேலை இன்னும் பாதியில் நிற்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சார்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, 2000 கிலோகலோரி கொண்ட ஒரு நாள் உணவில் பயறும் முட்டையும் இறைச்சியும் சேர்ந்த வகைக்கு 85 கிராம் ஒதுக்குகிறது. இறைச்சி வாங்க இயலாத குடும்பம் அவ்வளவையும் பயறிலேயே பெற வேண்டுமானால், அறிவுரையைவிட மாவுக்கடை, முளைப்பயறு விற்கும் கடை, நல்ல தண்ணீர்க் குழாய், மலிவான எரிவாயு, சுண்டல் தரும் பள்ளிச் சமையலறை ஆகியவையே அதற்கு உதவும். பயறுக் கொள்கை என்பது இதுவரை விதை, விலை, இறக்குமதி வரி ஆகியவற்றைப் பற்றியதாகவே இருந்துவந்திருக்கிறது. வயலுக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள வேலையை யார் செய்கிறார், அதற்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார் என்பதையும் அது கணக்கில் எடுக்கும்வரை, உற்பத்தி உயர்ந்த ஆண்டிலும் நுகர்வு உயரும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை.